சட்டைப் பையில் கிடந்த பழைய சீட்டு

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் ஒரே வரிதான். "மேற்படி பெட்டியில் பதிவான விவரங்கள் சரியானவை." கீழே என் கையெழுத்துக்கு இடம். மேனேஜர் எதிரே நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனி கிரேன்களுக்கு மூளை செய்கிறது. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எங்களுடையது. அதன் அடியாழத்தில் இருக்கும் கெர்னலில், மெமரியைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பகுதி ஆறு வருடமாக என் பொறுப்பு.

நகருக்கு வெளியே உள்ள சரக்கு யார்டில் மூன்றாம் எண் கிரேன் ஒரு கட்டு குழாய்களை இறக்கும்போது, கீழே நின்ற சுமைக்காரரின் கால் மாட்டி இரண்டு விரல்கள் போய்விட்டன. கீழே இருந்த மணிக்காரர், நிறுத்தச் சொல்லும் மணியை அழுத்தியிருக்கிறார். ஓட்டுநர் மணி கேட்டதும் லீவரை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். பெட்டி வேறு சொல்கிறது. யார்டு அனுப்பிய நகலில் பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம் பதினேழாவது நொடியின் பதிவு இப்படி: லீவர், இறக்கு. மணி, அழுத்தி 0.8 நொடி.

மணி அடித்து முக்கால் நொடிக்கு மேலாகியும் லீவர் இறக்கத்திலேயே இருந்திருக்கிறது என்று அர்த்தம். கை எடுக்க ஒரு மனிதருக்குக் கால் நொடி போதும். வெள்ளிக்கிழமை விசாரணை. பதிவு சரி என்று நாங்கள் சொன்னால் ஓட்டுநரின் லைசென்ஸ் அன்றே ரத்து. அப்புறம் எந்தக் கிரேனிலும் ஏற முடியாது.

"போடும்மா, போட்டுட்டுப் போ. சம்பிரதாயம்தானே" என்றார் மேனேஜர். உடனே அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இரு, இரு. பதிவு இருக்கற மெமரி கார்டை நேர்ல போய் எடுத்துட்டு வந்த பிறகுதான் சர்டிஃபிகேட் குடுக்கணும்னு நாமளே விதி போட்டு வெச்சிருக்கோம். யாராவது போகணுமே."

"நானே போறேன் சார்" என்று அலுப்போடு பேனாவை மூடினேன். அந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

*

யார்டு ஆபீஸுக்கு வெளியே ஒரு கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் மூன்றாம் எண் கிரேனை ஓட்டும் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைவரை வெயிலில் கறுத்த கை, உள்ளங்கையில் லீவரின் தழும்பு. விசாரணை முடியும்வரை கிரேனில் ஏறக் கூடாது, ஆனால் தினமும் வந்து வருகைக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவாம். ஏழு நாளாக அந்த மரப்பெட்டியின் மேல்தான் வாசம்.

"மூணாம் நம்பர் கார்டு எடுக்க வந்த மேடமா?" என்று கேட்டார். "மேடம்" என்ற சொல்லில் எலுமிச்சை பிழிந்திருந்தது.

"ஆமாங்க."

"எடுத்துக்குங்க. அதுல நான் கொலைகாரின்னு இருக்கும். பத்திரம், கீழ போட்டுடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "பெட்டி பொய் சொல்லாதுங்க அக்கா" என்றேன்.

"பெட்டிக்கு வாய் வெச்சது யாரு?"

நான் கார்டு ரசீதைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

"நீதானே? அப்ப அது உன் பேச்சைத்தான் பேசும்." மேடம் போய் நீ வந்துவிட்டது. அதுவே பரவாயில்லை. "மணி அடிச்சுது, கையை எடுத்தேன். எடுத்தது மட்டும் இல்ல, ரெண்டு கையையும் மேல தூக்கிட்டேன். பதினோரு வருஷப் பழக்கம். கீழ இருக்கறவன் பார்க்கணும்ல, நான் எதையும் தொடலைன்னு. ஆபீஸ்ல ஒரு காயிதம் வெச்சிருக்காங்க. 'கவனக்குறைவால் தாமதித்தேன்'னு அதுல கையெழுத்துப் போட்டா ஆறு மாச சஸ்பென்ஷனோட விட்டுடுவாங்களாம். லைசென்சும் தப்பிச்சுக்குமாம். எங்க வீட்டுக்காரரே போட்டுத் தொலையேன்னு காலைல கத்தறார்."

"போடலையா?"

"செய்யாததுக்கு எதுக்குப் போடணும்?"

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பதுபோல.

அப்போது ஒரு வண்டியிலிருந்து ஊன்றுகோலோடு ஒருவர் இறங்கினார். வலது காலில் தலையணை உறை அளவுக்குக் கட்டு. மாட்டிக்கொண்ட சுமைக்காரர் அவர்தான். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தினமும் இங்கே இறங்கி, ஆபீஸுக்குள் போய், அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். அவர்களும் தினமும் கேட்டுக்கொள்கிறார்களாம்.

"ஏன் அண்ணே, இன்னிக்கும் சொல்லணுமா?" என்றார் கிரேன் அக்கா.

"சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காதும்மா." என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"பெட்டிக்கு வாய் வெச்ச பொண்ணு."

அவர் ஊன்றுகோலை என் பக்கம் திருப்பி, மண்ணில் ஒரு கோடு போட்டார். "இந்தா பாரும்மா. இதுதான் தரை. குழாய்க்கு அடியில வெக்கற கட்டையைக் காலால தள்ளினேன். கையால தள்ளணும். சோம்பேறித்தனம், என் தப்பு. குழாய்க் கட்டு பூட்ஸ் நுனியைத் தொட்டப்ப ஐயோன்னு கத்தினேன். மணி அடிச்சான். அடிச்சதும் நின்னுடுச்சு. நிமிர்ந்து பார்த்தா, மேல இவ ரெண்டு கையையும் தூக்கிட்டு இருக்கா. என்னமோ நான் துப்பாக்கி காட்டின மாதிரி."

"பதிவுல 0.8 நொடி லேட்டுன்னு இருக்குங்க அண்ணே."

"அது எவ்வளவு நேரம்?"

"முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேல."

அவர் சிரித்தார். "ஏம்மா, அந்தக் கிரேன் சரக்கு இறக்கற வேகம் நொடிக்கு ஒரு சாண். இன்னும் முக்கால் சாண் இறங்கியிருந்தா, என் கால் எங்க இருந்திருக்கும்? ரெண்டு விரலா போயிருக்கும்? பாதம் அப்பளமா போயிருக்கும். மிச்சம் எட்டு விரல் இருக்கு பாரு. வேணும்னா எண்ணிக்கோ."

நான் மூட்டை தூக்கிய வீட்டில் பிறந்தவள். அப்பாவின் கழுத்தில் தேங்காய் அளவுக்கு இரண்டு கட்டிகள் உண்டு. எத்தனை பாரம் எத்தனை தூரம் இறங்கினால் மனிதனின் உடம்பில் எது நசுங்கும் என்பது எங்கள் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும். பெட்டியில் உயரம் அரை மீட்டர் கணக்கில்தான் பதிகிறது, அதனால் அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலைப் பார்த்துச் சொல்லலாம். பதிவு சொல்கிற நேரத்துக்கு அந்தக் கால் இருக்க முடியாது. கால் என் கண் முன்னால் இருந்தது. அப்படியானால் பதிவு?

ஆபீஸில் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போட்டுடாதீங்க அக்கா" என்றேன்.

"நீ சொல்லித்தான் போடாம இருக்கணுமா?" என்றார்.

*

எங்கள் ஆபீஸில் சோதனைப் பிரிவில் இருப்பவருக்கு ஓட்டை என்று பெயர். அவர் தொட்டால் எந்தப் புரோகிராமிலும் ஓட்டை விழும். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"அதாவது, பின்னாடி நடந்தது முன்னாடி எடுத்த போட்டோவுல விழுந்திருக்குன்னு சொல்ற."

"ஆமா ஓட்டையண்ணே."

"விழாதுன்னு ஆறு வருஷமா என்கிட்ட சண்டை போட்டது யாரு தாயே?"

நான்தான். விழாது என்று நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பெட்டிக்குள் ஓடும் பெரிய புரோகிராம் ஒவ்வொரு நொடியும் தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பெறுகிறது. பிள்ளைக்கு வேலை ஒன்றே ஒன்று. தான் பிறந்த கணத்தில் லீவர் எங்கே, மணி எப்படி என்பதைப் போட்டோ பிடித்ததுபோல் கார்டில் எழுதிவிட்டுச் செத்துப்போவது. கார்டு மந்தம். எழுதி முடிக்க முக்காலே மூணு வீசம் நொடி, கிட்டத்தட்ட ஒரு முழு நொடி, ஆகும். அதற்குள் தாய் கிரேனைக் கவனிக்க வேண்டும், லீவரும் மணியும் மாறிக்கொண்டே இருக்கும். தாயின் மெமரி மொத்தத்தையும் நகல் எடுத்துப் பிள்ளையிடம் கொடுக்கலாம், ஆனால் அதற்கே நேரமெல்லாம் போய்விடும். அதனால் கெர்னல் கொஞ்சம் கஞ்சத்தனம் செய்கிறது. மெமரியின் ஒரே பக்கத்தை இருவருக்கும் காட்டி, 'படிக்கலாம், எழுதக் கூடாது' என்று தன் பதிவேட்டில் குறித்து வைத்துவிடுகிறது. தாய் எழுதப் போனால் சிப் கையைத் தட்டிவிட்டுக் கெர்னலிடம் புகார் கொடுக்கும். அதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். புகார் நான் எழுதிய புரோகிராம் கோடுக்கு வரும். என் கோடு ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்து, பழையதை அதில் நகல் எடுத்து, 'இந்தா, இதில் எழுதிக்கொள்' என்று தாயிடம் கொடுக்கும். பழைய பக்கம் பிள்ளையிடம் பிறந்த கணத்தில் இருந்தபடியே இருக்கும். எழுதினால் மட்டும் நகல். அழகான ஏற்பாடு. அதை எழுதியபோது எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அன்று முழுவதும் அந்தக் கோடைத்தான் வரி வரியாகப் படித்தோம். ஒரு பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவது சரி. நகல் எடுப்பது சரி. மறுநாள் காலையில் ஓட்டை ஒரு கேள்வி கேட்டார்.

"புகார் வந்தா நீ ஒழுங்காத்தான் பண்ற. புகாரே வராம ஒருத்தன் எழுதிட்டான்னா?"

"எப்படி எழுதுவான்? பதிவேட்டுல எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கே."

சொல்லும்போதே எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியில், ஆள்களின் பெயர் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும். வாசல் காவலாளி ஒவ்வொரு தடவையும் ஆபீஸுக்கு ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பார்ப்பாரா? மாட்டார். ஆளின் சட்டைப் பையில் இருக்கும் சீட்டைப் பார்த்து உள்ளே விடுவார். ஒருமுறை கிழிந்த மூட்டைக்காக அப்பா காண்ட்ராக்டரோடு சண்டை போட்டார். அன்றே பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்கள். ஆனால் யாரும் வந்து சீட்டைப் பிடுங்கவில்லை. அப்பா மூன்று நாள் கூசாமல் உள்ளே போய் மூட்டை தூக்கிவிட்டு வந்தார். வீம்புக்காகவே.

சிப்பிலும் அதே கதைதான். அதற்குள் வேலை செய்கிறவர்களுக்குக் கோர் என்று பெயர். ஒவ்வொரு கோரும் சமீபத்தில் தொட்ட பக்கங்களுக்கான சீட்டுகளைத் தன் பையில் வைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பதிவேட்டைப் பார்த்தால் வேலை நடக்காது. அதனால் பதிவேட்டை மாற்றுகிறவர், எல்லாக் கோர்களையும் கூப்பிட்டுப் பழைய சீட்டைக் கிழித்துப் போடச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறக்கும் இடத்தில் என் கோடு என்ன செய்கிறது என்று பார்த்தேன். தான் ஓடும் கோரின் சீட்டை மட்டும் கிழிக்கிறது. மேலே என் கையாலேயே ஒரு குறிப்பு: "இந்தப் பெட்டியில் ஒரே கோர்தான். மற்றவர்களைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்."

எழுதிய நாளில் அது உண்மை. அதற்காகப் பாராட்டும் வாங்கினேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் புதுப் பெட்டி வந்தது. அதில் இரண்டு கோர். மணி என்றால் உயிர் விஷயம், தாமதம் கூடாது என்று, மணியைக் கவனிக்கும் வேலையை இரண்டாவது கோரில் தனியாக உட்கார வைத்தார்கள். அந்தக் கோர் தன் பழைய சீட்டைக் காட்டி, புகாரே எழாமல், பிள்ளையின் போட்டோவுக்குள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. லீவர் பிள்ளை பிறந்த கணத்தைச் சேர்ந்தது. மணி, கார்டு எழுதி முடிகிற கணத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே வரியில் போட்டு ஒரு மனுஷியைக் குற்றவாளியாக்கியிருக்கிறேன்.

"நிரூபிக்கணுமே" என்றார் ஓட்டை.

ஒரு கோர் எண்ணிக்கொண்டே இருக்க, இன்னொரு கோர் பிள்ளை பெற, பிள்ளையிடம் எண் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றை எழுதினார். நாற்பதாயிரம் தடவை ஓட்டினார். ஒரு தடவைகூட மாறவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது.

"ஒருவேளை அந்த அம்மாவே லேட்டா எடுத்திருந்தா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தக் கால் பொய் சொல்லாது அண்ணே. உங்க ஆளு எண்ணறதோட வேற என்னென்ன வேலை பண்றான்?"

"திரையில எழுதறான், கோப்புல எழுதறான்..."

"அதான். அத்தனை பக்கத்தைத் தொட்டா பையில இடம் பத்தாம பழைய சீட்டு தானா விழுந்துடும். மணியைக் கவனிக்கற கோர் அப்படி இல்ல. ஒரே பட்டனை முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். உங்க ஆளையும் அப்படி உட்கார வைங்க."

எண்ணுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். மூன்றாவது ஓட்டத்திலேயே பிள்ளையிடம் எண் மாறியது. நான்காவதிலும். ஐந்தாவதிலும். ஓட்டை மூன்று எண்களையும் தாளில் குறித்துக்கொண்டார். தவறு என்னுடையதுதான் என்று உறுதியானது, அதே நேரம் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

*

மேனேஜரிடம் நான்கு வரியில் எழுதிக் கொண்டுபோனேன். பதிவு தவறு. தவறு கெர்னலில். கெர்னலின் அந்தப் பகுதியை எழுதியது நான். சோதனை இணைப்பில்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஆயிரத்து நூறு கிரேன்களில் இதே பெட்டி இருக்கிறது.

"பதிவை இன்னும் பரிசீலிச்சுட்டிருக்கோம்னு மட்டும் எழுதினா என்ன?" என்றார் மெதுவாக.

"அப்ப பதிவைத்தான் சார் நம்புவாங்க. வெள்ளிக்கிழமையோட அந்த அம்மா கதை முடிஞ்சுடும்."

இன்னொருமுறை படித்தார். மூக்கைத் தேய்த்தார். "நிச்சயமா தெரியுமா?"

"நூத்துக்கு நூறு."

"மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்று அதைத் திருத்தினார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "ரெண்டு பேர் தலை இருந்தா வெட்டறவன் யோசிப்பான். போ."

அந்த மனிதரை ஆறு வருடமாகக் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர் என்று மட்டுமே நினைத்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை யார்டு ஆபீஸில் மேசை மேல் பெட்டியை வைத்து ஓட்டை சோதனையை ஓட்டிக் காட்டினார். விசாரணை அதிகாரி பெரியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கோர், பக்கம் என்று நான் சொன்னது எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. அப்பாவின் சீட்டுக் கதையைச் சொன்னேன். சுவரோரம் நின்ற சுமைக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"இங்கயும் ரெண்டு பேர் அப்படித்தான் சார் வந்துட்டிருக்கானுங்க" என்றது ஒரு குரல்.

"வாயை மூடுடா" என்றது இன்னொன்று, அவசரமாக.

அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "அப்ப, பெட்டி பார்த்தது சரி, சேர்த்து வெச்சதுதான் தப்பு."

"ஆமாங்க. சேர்த்து வெச்சது நான்."

பதிவைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று எழுதினார். சுமைக்காரரின் வாக்குமூலத்தை ஒன்பதாவது முறையாகக் கேட்டு, இந்த முறை எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குள் கிரேன் அக்காவிடம் சாவியைத் திரும்பக் கொடுத்தார்கள்.

வெளியே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்க வரவில்லை. பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எட்டு நாள் கீழ உட்கார வெச்சுட்டியே" என்றார். "ஏணி ஏறாம முட்டி வலி போயிடுச்சு. அதுக்கு வேணா உனக்கு நன்றி சொல்றேன்."

"நான்தான் அக்கா சொல்லணும். நீங்க அந்தக் காயிதத்துல போட்டிருந்தா நானும் என்னுதுல போட்டிருப்பேன். எல்லாக் கிரேன்லயும் இது அப்படியே இருந்திருக்கும். அடுத்து யார் தலையில விழுந்திருக்குமோ."

அவர் சாவியை விரலில் சுழற்றினார். "சரி, சரி, அழாத. எப்ப சரி பண்ணுவ?"

*

திருத்தம் ஒரே வரிதான். பிள்ளை பிறக்கும்போது எல்லாக் கோரையும் கூப்பிட்டு, பழைய சீட்டைக் கிழிக்கச் சொல்லி, எல்லோரும் கிழித்தோம் என்று சொல்லும்வரை காத்திருக்கும் வரி. என் பழைய குறிப்பை அழித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் ஒவ்வொன்றின் அடியிலும் தவறைத் தெரிவித்தவர் யார், சோதித்தவர் யார் என்று எழுத வேண்டும். அந்தக் கோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். 'தெரிவித்தவர்' என்ற இடத்தில் 'மூன்றாம் எண் கிரேன் ஓட்டுநர்' என்று எழுதினேன். 'சோதித்தவர்' என்ற இடத்தில் ஓட்டையை எழுதிவிட்டு, அவருக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தேன். ஓட்டை எட்டிப் பார்த்தார்.

"சுமைக்காரரா? சோதிச்சது நான். அவர் எப்ப சோதிச்சார்?"

"அவருக்கு ரெண்டு விரல் போச்சு அண்ணே. உங்களுக்கு என்ன போச்சு?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு வேளைச் சாப்பாடு. சரி, அவரே மேல இருக்கட்டும்."

திருத்தம் ஏற்றிய புதுக் கார்டை மூன்றாம் எண் கிரேனில் நானே போட்டேன். தொண்ணூறு படி ஏணி. இறங்கி வந்தபோது அக்காவின் முட்டி வலி எனக்கு வந்திருந்தது. சுமைக்காரர் ஊன்றுகோலோடு வந்து, தன்னைப் பற்றி எதிலோ எழுதியிருக்கிறார்களாமே, என்ன அது என்று கேட்டார். சொன்னேன்.

"காலால சோதிச்சேன்னு போட்டிருக்கலாம்ல" என்றார். முகம் மலர்ந்துதான் இருந்தது.

மணிக்காரர் பட்டனை என்னிடம் கொடுத்து ஒதுங்கினார். மேலே அக்கா வெறும் கொக்கியை இறக்க ஆரம்பித்தார். நொடிக்கு ஒரு சாண். நான் அழுத்தினேன்.

கொக்கி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால், அவ்வளவு உயரத்தில், இரண்டு கைகளும் மேலே இருந்தன.